பதிவு எண் ஒன்றை வரைந்தவர்

1

2007 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. 6.40க்கு எழுந்தேன். வெளியே மழை. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பகல் முழுதும் பணி, 5.50க்கே போய்விட்டாள். காபி போட்டுக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையால் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் சத்தம் கூடாது. சுவரில் துளை போடக்கூடாது, துணி துவைக்கும் இயந்திரம் ஓடக்கூடாது, காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது. கீழ்வீட்டு அம்மாள் பதினோரு வருடமாக இதைக் காவல் காக்கிறார். மற்ற ஆறு நாளும் என் வணக்கத்துக்கு அவர் பதில் சொல்வதில்லை. சத்தம் வராத வேலை எனக்கு ஒன்றுதான் மிச்சம். 7.30க்குக் கணினி முன் உட்கார்ந்தேன்.

வழக்கம்போல் மூன்று பதிவுகளை ஏற்றினேன்: ஒரு வார்ப்பட ஆலையின் வாசற்பலகை, ஒரு கம்பி ஆலையின் கடிதத்தாள், ஒரு ரசாயன நிறுவனத்தின் லாரிக் கதவு. மூன்றும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சேர்ந்தவை. இவற்றோடு என் இணையக் காட்சியகத்தில் பதிவுகள் 613 ஆயின.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நிறுவனம் தன்னை வெளியே எப்படிக் காட்டிக்கொள்கிறது என்பதற்கு ஒரு துறையே இங்கே இருக்கிறது. சின்னம், எழுத்தின் வடிவம், நிறம், கடிதத்தாள், வாசற்பலகை, பெட்டியின் மேல் அச்சடிக்கும் குறி, எல்லாம் சேர்ந்து ஒரு முகம். அப்படிப்பட்ட முகங்களைப் பொறுக்கியெடுத்து இணையத்தில் அடுக்கிவைப்பதுதான் என் பொழுதுபோக்கு. இதைத் தொடங்கியது 2001 மார்ச் 18. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இன்றோடு ஆறு வருடம்.

கொண்டாடும் மனநிலையில் நான் இல்லை. புதன்கிழமை வந்த ஒரு கடிதம் நான்கு நாளாக மேஜைமேல் கிடந்தது. வடக்கே ஒரு நகரத்தில் இருக்கும் வடிவமைப்பு அருங்காட்சியகம் எழுதியது. தொழிற்சாலைச் சின்னங்களுக்கு ஒரு நிரந்தர அறை திறக்கிறார்களாம். என் காட்சியகத்தின் பதிவு எண் ஒன்றை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிதாக வைக்க விரும்புகிறார்களாம். கூடவே ஒரு படிவம். அதில் நான்காவது கட்டம்: ‘இதை வரைந்தவர் நானே என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

2

காட்சியகம் பிறந்த கதை கசப்பானது. 2001இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசை எண் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் நான் வேலை பார்த்த மூன்று நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழ்கள், ஆங்கில மூலம், ஜெர்மன் மொழிபெயர்ப்பு, நகல்கள், எல்லாம் தேதிவாரியாகக் கோப்பில் இருந்தன.

அலுவலகப் பெண் முதல் தாளை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். படிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தலைப்பில் இருந்த சின்னத்தின்மேல் விரலை வைத்து, ‘அழகாக இருக்கிறது, இது இந்தியாவிலா செய்தது?’ என்றார். ஆமாம் என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இந்த மாநிலத்தில் செல்லாது, வேறு போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார். என் உழைப்புக்குச் சாட்சி சொன்ன பதினான்கு வரிகளில் ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் பேருந்தில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆளைப் பார்க்காதவர்கள் சின்னத்தைப் பார்க்கிறார்கள். சரி, அதையே காட்டுவோம் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு தொடங்கிவிட்டேன். நூலகத்தில் இருந்து ஒரு புத்தகம் எடுத்து இணையப்பக்கம் செய்யக் கற்றேன். ஊரில் இருந்து கொண்டுவந்த பழைய கடிதத்தாள்கள் நாற்பது இருந்தன. அவைதான் முதலீடு.

நாற்பதையும் அப்படியே போட்டுவிடவில்லை. விதிகள் வகுத்தேன். ஒன்று, சின்னம் பத்து வருடமாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டு, குறைந்தது மூன்று பொருட்களின்மேல் அது காணப்பட வேண்டும். மூன்று, வரைந்தவர் பெயர் எழுத்துச் சான்றோடு இருந்தால் மட்டுமே போடப்படும், இல்லாவிட்டால் ‘தெரியவில்லை’. நாற்பதில் பதினேழுதான் தேறின. அதனால்தான் மதிப்பு வந்தது. ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். கண்டிப்பான தேர்வு என்று புகழ்ந்தார்கள். எந்த ஆலைகளின் முகத்தைக் காட்டினேனோ அந்த ஆலைகளில் இருந்து இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.

3

பதினேழு அறுநூறானது என்னால் அல்ல. சாமுவேலால்.

சாமுவேலுக்கு ஊர் புதுவாயல். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தோம்: நான் டிராயிங் ஆபீஸில், நிரந்தர ஊழியன், அவன் பேக்கிங் பகுதியில், காண்ட்ராக்ட் ஆள். வாசலுக்கு உள்ளே என்னை ‘சார்’ என்பான். வெளியே கூட்டு ரோடு டீக்கடைக்கு வந்ததும் ‘இன்னா நைனா’ ஆகிவிடும். நான் திருவள்ளூரில் இருந்து வந்து புதுவாயலில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஆறு வருடமும் எனக்கு இருந்த ஒரே நண்பன் அவன்.

2002இல் அவனுக்கு எழுதினேன். ஆலை வாசல்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று. பிறகு ஒரு டிஜிட்டல் கேமராவும் அனுப்பினேன். அவன் அப்போது வேறொரு ஆலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். வார விடுமுறையில் சைக்கிளில் கிளம்பிவிடுவான். எடுத்த படங்களைப் புதுவாயல் பிரௌசிங் சென்டரில் இருந்து, கரண்டு போவதற்குள், ஒவ்வொன்றாக அனுப்புவான்.

வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகளோடு அவன் பட்ட பாட்டைத் தொலைபேசியில் சொல்லும்போது சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். ஓர் உருக்காலையில் எதற்கு போர்டைப் படம் பிடிக்கிறாய் என்று மறித்திருக்கிறார்கள். போர்டு நல்லா கீது, அதான் என்றிருக்கிறான். அதற்கு அந்த செக்யூரிட்டி, ‘உள்ள வந்து பாரு, போர்டு மட்டும்தான் நல்லா கீது’ என்று சொல்லி, தானே ஓரமாக நகர்ந்து நின்றாராம்.

நான் அவன் படங்களைத் திருப்பி அனுப்புவேன். சாய்ந்திருக்கிறது, மின்கம்பத்தின் நிழல் விழுகிறது, பலகையின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று எண் போட்டுக் காரணம் எழுதுவேன். ‘தாசில்தார் ஆபீஸ்ல கூட ரெண்டு வாட்டிதான் திருப்பி அனுப்புவான், நைனா’ என்பான். அடுத்த வாரம் மறுபடி போய் எடுத்துவருவான். ஆறாம் எண் பதிவுக்கு ஐந்து முறை போனான். மே மாதத்தில்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ‘புகைப்படம்: சாமுவேல், புதுவாயல்’ என்று போட்டேன். நாற்பது தாள்களில் இருந்து வந்த பழைய பதிவுகளுக்கும் அவன் எடுத்த வாசல் படங்களைச் சேர்த்து, அங்கேயும் பெயர் போட்டேன். அவன் பெயர் கிட்டத்தட்ட அறுநூறு இடங்களில் இருக்கிறது. என் மனச்சாட்சிக்கு அது போதுமாக இருந்தது.

4

பதிவு எண் ஒன்று எங்கள் பம்பு தொழிற்சாலையின் சின்னம். ஒரு வளையம், அதற்குள் ஒரு நீர்த்துளி. வளையம் முழுதாக மூடவில்லை. மேலே வலப்பக்கம் ஓர் இடைவெளி, கீழே இடப்பக்கம் ஓர் இடைவெளி. வரைந்தவர்: ஜெயபாலன். அது நான்.

வரைந்தவன் சாமுவேல்.

1986இல் அந்தத் தொழிற்சாலைக்கு உருப்படியான சின்னம் கிடையாது. மரப்பெட்டிகளில் பெயரைப் பெயிண்டால் எழுதுவார்கள். ஒரு நாள் சாமுவேல் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அதில் வளையத்தையும் துளியையும் துளைகளாக வெட்டியெடுத்து, பெட்டிமேல் வைத்து நீலப் பெயிண்டை ஒற்றினான். மேலாளர் கண்ணில் அது பட்டது. இதையே கம்பெனிச் சின்னமாக வைத்துக்கொள்ளலாம், டிராயிங் போடுங்கள் என்று எங்கள் ஆபீஸுக்கு அனுப்பினார். நான் தகரத்தைத் தாள்மேல் வைத்து அளந்து, மையம் குறித்து, ஆரம் போட்டு, மையால் இழுத்தேன். ஒன்றரை மணி நேர வேலை.

பொறியியல் வரைபடம் எதற்கும் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று வரி. முதல் வரியில் நான் ‘சாமுவேல்’ என்று எழுதினேன். அதை இங்கே பதிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் முதலில் நான் செய்தது அதுதான். தலைமை வரைவாளர் பார்த்தார். நிரந்தரப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும்தான் அந்தக் கட்டத்தில் பெயர் போடலாம் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ‘காண்ட்ராக்ட் ஆளு பேரெல்லாம் டிராயிங்ல ஏத்தாதப்பா, நாளைக்கு அவன் பெர்மனென்ட் கேப்பான்’ என்றார். நான் பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு என் பெயரைப் போட்டேன். சாயங்காலம் டீக்கடையில் சாமுவேலிடம் சொன்னேன். ‘பேரா பேஜாரு, வுடு நைனா’ என்றான். இருவரும் சிரித்தோம்.

1988இல் ஜெர்மனியில் இருந்து கூட்டுத்தொழில் பேச வந்தவர்கள் அந்தச் சின்னத்தைப் பாராட்டினார்கள். யார் செய்தது என்று கேட்டார்கள். தலைமை வரைவாளர் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். கட்டத்தில் என் பெயர் இருந்தது. அடுத்த வருடம் பயிற்சிக்கு இருவரை அனுப்பியபோது அதில் ஒருவன் நான். பயிற்சி வேலையாயிற்று, வேலை வீடாயிற்று. என் பிள்ளைகள் திருவள்ளூரைப் படத்தில் பார்த்து அடையாளம் சொல்ல முடியாதவர்களாக வளர்ந்தார்கள். இந்தப் பதினெட்டு வருடமும் அந்தச் சுரண்டிய இடத்தின்மேல் நிற்கிறது.

2001இல் நான் விதிகளை வகுத்தபோது மூன்றாம் விதி எனக்கு வசதியாக இருந்தது. எழுத்துச் சான்று வேண்டும். அந்த வரைபடத்தின் நகல், பழைய அம்மோனியா பிரிண்ட், என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பது என் பெயர். இவ்வளவு சுத்தமான சான்று உள்ள பதிவுகள் என் காட்சியகத்தில் வேறு இருபதுகூட இல்லை.

அதோடு நிற்கவில்லை. அந்த இரண்டு இடைவெளிகளுக்கு விளக்கமும் எழுதினேன். நீர் உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் அவை என்றும், மூடிய வட்டத்தை மறுக்கும் துணிவு அது என்றும். நான்கு வரிகள். அதைத்தான் அருங்காட்சியகத்தார் தங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

5

பகல் 11.15. படிவத்தை நிரப்ப மகளை உட்காரவைத்தேன். நளினிக்குப் பதினேழு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதற்கு நான் கோபப்படுவதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. நான் எழுதும் ஜெர்மனில் இன்னமும் வினைச்சொல் தப்பான இடத்தில் போய் நிற்கும். அவள் ஒரு பெருமூச்சோடு திருத்துவாள்.

‘இந்த எண்ணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது, ஐந்து வரிகளில்’ என்றிருந்தது ஒரு கட்டம். நான் சொல்லத் தொடங்கினேன். அவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள்.

“நிஜமாகவே நீங்களா வரைந்தீர்கள்?” என்றாள்.

ஏன் கேட்கிறாய் என்றேன்.

“எனக்கு ஒரு பிறந்தநாள் அட்டைகூட நீங்கள் வரைந்து தந்ததில்லையே, அப்பா. நீங்கள் அளப்பீர்கள். வரைய மாட்டீர்கள்.”

அவள் குற்றம் சாட்டவில்லை. என் உயரம் இவ்வளவு என்பதுபோல் சொன்னாள். படிவத்தின் பின்பக்கத்தையும் படித்துக் காட்டினாள். இந்த நாட்டுச் சட்டப்படி ஆக்கியவர் என்ற உரிமையை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாதாம். செத்த பிறகும் அது அவருடையதாம். ஐயம் இருக்கும் சின்னங்களை ஏற்பதில்லை, அந்த இடத்துக்கு வேறொரு தொகுப்பில் இருந்து எடுத்துக்கொள்வோம் என்றும் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

ஆறு வருட உழைப்புக்குக் கிடைக்கப்போகும் ஒரே சுவர் அது. பேனாவைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்தேன். பிறகு அவளிடம், கொஞ்சம் இரு, ஊருக்கு ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்றேன்.

6

அங்கே மாலை ஐந்து இருக்கும். கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டுப் படுத்தெழுந்து, சாமுவேல் வீட்டில் இருக்கும் நேரம்.

“சொல்லுங்க சார்” என்றான்.

போனில் எப்போதும் நைனாதான். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. ஊட்லதான் கீறேன்.”

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொன்னேன். சுவரின் அளவைக்கூடச் சொன்னேன். நல்லது சார் என்றான். வரைந்தது யார் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றேன்.

“அதான் போட்டு வெச்சிக்கீறீங்களே. ஆறு வர்ஷமா.”

“நீ பார்த்தியா?”

“படம் அனுப்சப்பவே பார்த்தேன். என் பேரு எங்க வருதுன்னு பாருன்னு சொன்னதே நீங்கதானே. மேரிதான் படிச்சிக் காட்னா. கீழ போட்டோன்ற எட்த்துல நானு. மேல நீங்க.”

மேரி அவன் மகள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் கேள்வியின் லட்சணம் எனக்குத் தெரிந்தது.

“நீங்களே மாத்துவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன் சார். ஒவ்வொரு வாட்டியும் படத்த அனுப்சிட்டு, ஒண்ணாம் நம்பரத் தொறந்து பார்த்துட்டுத்தான் ஊட்டுக்கு வருவேன்.”

ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னேன். கட்டத்தில் நிரந்தர ஊழியர் பெயர்தான் போட முடியும் என்றதை, அவன் பெயரை முதலில் எழுதியதை, சுரண்டியதை. அவனுக்குத் தெரியாததா.

“கம்பெனி கேட்ட வுட்டு நீங்க வெளிய போயி பதினெட்டு வர்ஷம் ஆச்சி. அங்க ஜெர்மன்லகூட நான் காண்ட்ராக்ட் ஆளுதானா?”

அவனே தொடர்ந்தான்.

“பேரு போடறதும் போடாததும் உங்க இஷ்டம். நான் கேக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு கேப்புக்கு ஒரு கத எழ்தி வெச்சிக்கீறீங்க பாருங்க, தண்ணி வர வழி, போற வழின்னு. அத எட்த்துடுங்க சார். அந்த ரெண்டு பிடிப்பு வுடலன்னா வளையத்த வெட்னதும் நடுத் தகரம் கீழ வுழுந்துடும். அதுக்குத்தான் வுட்டேன். தகரம் வெட்றவன் எவனாவது அந்தக் கதயப் படிச்சா, வரைஞ்சவன் லூசுன்னு நென்ச்சிப்பான். அங்க யாரு பேரு இருந்தாலும், அது நான் செஞ்சது.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். கேமராவைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டான். இனிமேல் படம் எடுப்பதாக இல்லையாம். போன வாரம் அனுப்பிய மூன்றுதான் கடைசி. கோபமா என்றேன்.

“கோவம்லாம் போயி ரொம்ப நாளாச்சி. இப்ப முட்டிவலி, சார்” என்றான். சிரித்தான். நான் சிரிப்பதற்குள் வைத்துவிட்டான்.

7

பகல் 12.50க்கு அருங்காட்சியகத்துக்கு ஆறு வரிக் கடிதம் ஒன்றை நளினியை எழுதச் சொன்னேன். சின்னத்தை வரைந்தவர் நான் அல்ல, புதுவாயலைச் சேர்ந்த சாமுவேல். வரைபடத்தில் உள்ள என் பெயர் அதற்குச் சான்றாகாது. படிவத்தில் நான் கையெழுத்திட இயலாது. இப்படி எழுதினால் அவர்கள் வேறு சின்னத்தைத்தான் எடுப்பார்கள் என்றாள். தெரியும் என்றேன். அவரையே கையெழுத்துப் போடச் சொல்லலாமே என்றாள். செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேராது என்றேன். அது காரணம் இல்லை. அவனிடம் இன்னொரு தாளை நீட்டி இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்று சொல்லும் முகம் எனக்கு இல்லை.

கடிதத்தில் ஒரு வினைச்சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை, அவளே எழுதியதால். நான் கையெழுத்திட்டேன். நாலு மணிக்கு வேறு நகரத்தில் படிக்கும் மகன் கூப்பிட்டான். நான்கு நிமிடம் பேசினான், அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டான், வைத்தான். ஐந்துக்கு மனைவி வந்தாள். ரசம் வைத்தேன். அவளிடம் சொன்னபோது, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தோன்றியதா என்று கேட்டாள். அப்பளம் பொரித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. 5.10க்கு எழுந்தேன். முகம் கழுவும் முன் கணினியைத் திறந்தேன். பதிவு எண் ஒன்றில் அந்த நான்கு வரிகளை அழித்தேன். அந்த இடத்தில், ‘உள்தகடு விழாமல் இருக்க இரண்டு பிடிப்புகள் விடப்பட்டன’ என்று எழுதினேன். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எடுத்துவிட்டு ‘சாமுவேல், புதுவாயல்’ என்று தட்டினேன். பதிவாகவில்லை. பெயரை மாற்றினால் சான்று என்ற கட்டத்தையும் புதிதாக நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் பக்கம் ஏற்காது. அப்படி அமைத்தவன் நானே. அதில் எழுதினேன்: ‘வரைபடத்தில் உள்ள பெயர் பொய். போட்டவன் நான்.’

ஏற்றுக்கொண்டது. மணி 5.26.